எலி காதில் விழாமல் கொஞ்சம் மருந்து

எலி மருந்து விற்கிறவனிடம் வந்து நிற்கிற எவரும் எலி என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்வதில்லை. இந்தத் தொழிலில் நான் முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான்.

நீங்களும் அப்படித்தான் நின்றிருப்பீர்கள். அரிசி டின் ஓரத்தில் பல் பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் யாரிடமும் காரணம் சொல்லாமல், காய்கறி வாங்கப் போவதுபோல் கிளம்பியிருப்பீர்கள். கடையில் குரலைத் தாழ்த்தி, “கொஞ்சம் மருந்து வேணும்” என்று கேட்டிருப்பீர்கள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்த செய்தி இது: எலிக்குக் காது உண்டு, வீட்டுப் பேச்சு அதற்குப் புரியும், இன்றைக்கு மருந்து வைக்கப்போகிறோம் என்று தெரிந்துவிட்டால் அதைத் தொடாது. தொடாததோடு நிறுத்திக்கொள்ளாமல், பீரோவில் இருப்பதிலேயே விலை கூடிய பட்டுப்புடவையாகப் பார்த்துக் கடித்துவைக்கும்.

நான் விலங்கியல் படித்தவன். கல்லூரியில் வேலை கிடைக்கும்வரை தற்காலிகமாக என்று சொல்லிக்கொண்டு, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் சேர்ந்தேன். இரும்புச் சாமான், பெயிண்ட், பூச்சி மருந்து எல்லாம் விற்கும் கடை. பெரம்பலூர் அப்போதுதான் மாவட்டத் தலைநகராகியிருந்தது. அதற்குப் பிறகு அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, திரும்பவும் சேர்ந்து, மறுபடி பிரிந்துவிட்டது. என் தற்காலிகம் மட்டும் மாறவில்லை.

சேர்ந்த அன்றே முதலாளி கண்ணாடி அலமாரியின் சாவியை என்னிடம் கொடுத்தார். “இந்தாய்யா புரபசரு. இதுக்குள்ள இருக்கறது எலி வயித்துக்குத்தான் போவணும். மனுசன் வயித்துக்குப் போச்சுன்னா, அந்த வூட்டு ஒப்பாரி நம்ம கடைக்குத்தான் வந்து நிக்கும்.” சங்கடம் என்னவென்றால், எலிக்குத் தெரியாமல் மருந்து வாங்க வருகிறவரும், ஊருக்குத் தெரியாமல் தனக்கென்றே வாங்க வருகிறவரும் ஒரே மாதிரிதான் நிற்பார்கள். தலை குனிந்திருக்கும், குரல் தாழ்ந்திருக்கும், காரணம் வெளியே வராது. இரண்டு பேரையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வீட்டில் உண்மையாகவே எலி இருப்பவரால் அதை வருணிக்க முடியும். ஆகவே நான் எல்லோரையும் குறுக்கு விசாரணை செய்தேன். வால் உடம்பைவிட நீளமா, குட்டையா? காது பெரிதா? புழுக்கை எப்படி இருந்தது? எதைக் கடித்தது? பதில் சரியாக இருந்தால்தான் சாவி திரும்பும். ஊரில் எனக்கு நல்ல பெயர் இல்லை.

பையின் மேலும் சந்தேகம்

அரும்பாவூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். மஞ்சள் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். எங்கள் கடையின் மூத்த ஆளான சாமிக்கண்ணு பக்கத்தில் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தார். அவர் உள்ளே போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, விவசாயி என் பக்கம் குனிந்தார். மூக்குக்கு இரு புறமும் விரல்களை விரித்து மீசை காட்டினார். முன்பற்களை வெளியே நீட்டினார். கடைசியாக ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் ஆட்டினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்ததை உடனே ஒப்புக்கொள்கிற வழக்கம் எனக்கு இல்லை. “பூனையா?” என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். “முயலா?” என்றேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, இந்த முறை வாலை இன்னும் நீளமாகக் காட்டினார். உடம்பைவிட நீளமான வால் என்றால் சாதாரண வீட்டெலிதான். சாட்சியத்தில் குற்றமில்லை. “ஓகோ, எலியா!” என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தேன். மனிதர் பதறிப்போய்ப் பையின் வாயை இறுக்கிப் பிடித்தார். “அரும்பாவூர் எங்க இருக்கு, பெரம்பலூர் எங்க இருக்கு, அதுக்கு எப்படிங்க கேக்கும்?” என்று சமாதானம் சொன்னேன். இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“பை வூட்லேர்ந்துதானே சார் வந்திருக்கு? உள்ள என்ன உக்காந்திருக்குன்னு நானே இன்னும் பாக்கல!”

வெள்ளை முனை

பெரம்பலூரிலேயே சொந்த வீடு கட்டியிருந்த ஒரு கணக்கு வாத்தியார். மாடியை வாடகைக்கு விட்டிருந்தார். கீழே அவருடைய புத்தக அலமாரிக்கு மேல் தினமும் கறுப்பாகச் சில புழுக்கைகள் கிடந்தன. மாடிக்குக் குடும்பம் வந்த பிறகுதான் கிடந்தன. ஆகவே அவர்கள் மூட்டைமுடிச்சோடு எலியையும் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நிரூபித்து முடித்திருந்தார். பொறி வைத்தார், தேங்காய்ச் சில்லு, மசால்வடை, கருவாடு என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. மாடிக்காரர்கள் எலியைப் பொறியில் விழாமல் இருக்கப் பழக்கியிருக்கிறார்கள் என்பது அடுத்த தேற்றம். வீட்டைக் காலி செய்யச் சொல்லியும் ஆகிவிட்டது. இனி மருந்துதான் பாக்கி.

“சாட்சியம் இல்லாம மருந்து இல்லீங்க” என்றேன். மறுநாள் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து கவுண்டரில் பிரித்தார். நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் வெள்ளையாக ஒரு புள்ளி. எலிப் புழுக்கை முழுக்க ஒரே நிறமாக இருக்கும், வெள்ளை முனை இருந்தால் அது பல்லியின் எச்சம் என்று விளக்கினேன். அவர் வீட்டில் எலி எப்போதுமே இருந்ததில்லை. இருப்பதெல்லாம் விளக்கடியில் பூச்சி தின்கிற ஒரு பல்லி. இப்போது மாடிக் குடும்பத்திடம் போய் என்ன சொல்வாரோ என்று எனக்குக் கவலை. வாத்தியார் பொட்டலத்தை முன்பைவிடக் கவனமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“சரி, பல்லின்னே வச்சுக்குவோம். அதையும் அவங்கதான் கொண்டாந்திருப்பாங்க.”

வாகனச் சிக்கல்

துறைமங்கலத்திலிருந்து ஓர் அம்மாள் வருவார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் எப்போதும் ஒரு முழம் பூ. ஒருநாள் என் கேள்விகள் அத்தனைக்கும் பளிச்சென்று பதில் சொன்னார். நீண்டு கூரான மூக்கு, கண் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, சுவரோரமாகவே ஓடும், கீச்கீச்சென்று கத்தும், போன இடமெல்லாம் ஒரு நாற்றம். “அது மூஞ்சூறும்மா” என்றேன். அது எலி இனமே அல்ல, எதையும் கொறிப்பதில்லை, கரப்பான்பூச்சியைத் தின்று உங்களுக்கு உதவிதான் செய்கிறது என்றும் சொன்னேன். அந்த அம்மாளுக்கு ஒரே மகிழ்ச்சி. “நல்ல வேளை தம்பி. புள்ளையாரு வாகனத்துக்கு மருந்து வைக்க இருந்தேன்.”

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் தப்பான தகவல் ஒன்று கண்ணெதிரே கடந்துபோனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. வடமொழியில் மூஷிகம் என்றால் எலி, மூஞ்சூறை வாகனமாகச் சொல்வது நம் ஊர் வழக்கம், வேண்டுமானால் கோயிலில் சிலையை உற்றுப் பாருங்கள், மூக்கு குட்டையாகவும் காது பெரிதாகவும் இருந்தால் அது எலிதான் என்றேன். அம்மாளின் முகம் வெளிறியது. “அப்ப இத்தனை வருசமா நான் பொறி வச்சுப் புடிச்சதெல்லாம்?” பெயிண்ட் வாங்க வந்தவர் எலிதான் வாகனம் என்றார். குழாய் வாங்க வந்தவர் மூஞ்சூறுதான் என்றார். சாமிக்கண்ணு பெருச்சாளி என்று ஒரு புதுக் கட்சி ஆரம்பித்தார். வாதம் முற்றியதில் பெயிண்ட்டும் போகவில்லை, குழாயும் போகவில்லை. அம்மாள் கடைசியில் போன வாரம் வாங்கிய பொறியையும் கவுண்டரில் வைத்துவிட்டு, பூவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“எது வாகனம்னு நீங்கள்லாம் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அது வரைக்கும் ரெண்டையும் நான் தொடல.”

துபாய்ப் பசை

லப்பைக்குடிக்காட்டுப் பாய் ஒருவர் எங்களுக்குப் பழைய வாடிக்கை. மரக்கடை வைத்திருந்தார். அவர் மகன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது எலி பிடிக்கும் பசை அட்டை கொண்டுவந்தான். அட்டையைத் தரையில் வைத்தால் போதும், எலி வந்து ஒட்டிக்கொள்ளும். மருந்தும் வேண்டாம், பொறியும் வேண்டாம். இதைப் பாய் என்னிடம் வந்து சொன்னபோது, உங்கள் வியாபாரம் முடிந்தது என்கிற வருத்தம் அவர் குரலில் இருந்தது. உண்மையான வருத்தம்தான். நல்ல மனிதர்.

அடுத்த வாரம் ஒற்றைச் செருப்போடு வந்தார். அட்டையைச் சமையல்கட்டு வாசலில் வைத்திருக்கிறார். முதலில் ஒட்டியது வீட்டுக் கோழி. கோழியை எடுக்கப் போனபோது பாயின் இடது செருப்பு ஒட்டியது. செருப்பை இழுத்த மச்சானின் கைக்குட்டை ஒட்டியது. பசையை எதால் கரைப்பது என்று கேட்கத்தான் வந்திருந்தார். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன். பாய் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அந்நியச் சரக்கைக் கெடுக்க நான் ஏதோ சூழ்ச்சி செய்வதாக அவருக்கு ஓர் எண்ணம். இருந்தாலும் தடவினார், எல்லாம் கழன்றது. எலி என்ன ஆயிற்று என்று பிறகு கேட்டேன். அட்டையின் ஓரத்தில் வைத்திருந்த கருவாட்டை மட்டும் எட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டதாம்.

“மாஷா அல்லா! துபாய் எலியெல்லாம் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் நடக்கும் போலருக்கு சார். அதான் அங்க ஒட்டுது.”

அடுப்படியில் ஒரு விசாரணை

எங்கள் வீட்டிலேயே ஒன்று வந்தபோது, என் மனைவி முதலில் சந்தேகப்பட்டது என் சாப்பாட்டுப் பையைத்தான். கடையிலிருந்து அதில் ஏறி வந்திருக்க வேண்டும் என்றாள். எலி மருந்து விற்கிற கடையில் எலி எப்படி இருக்கும் என்று நான் தர்க்கரீதியாகக் கேட்டேன். (இருந்தது. ஆனால் அதை வீட்டில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.) “மருந்த கொண்டாந்து வைங்க” என்றாள், ஜாடையாக. இனம் காணாமல் மருந்து வைப்பது காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லி, அடுப்படித் தரை முழுக்கக் கோலமாவை மெல்லிசாகத் தூவிவிட்டுப் படுத்தேன். எலிக்கு முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் ஐந்து. தடம் விழுந்தால் அளவை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம்.

காலையில் பூதக்கண்ணாடியோடு குப்புறப் படுத்துக்கொண்டு, அவளுக்கு ஒவ்வொரு தடமாக விளக்கிக்கொண்டிருந்தேன். “இங்க பார், இது முன்னங்கால். சின்னதா இருக்கு பாரு, சுண்டெலி. நேரா அரிசி டின்னுக்குப் போயிருக்கு.” அவள் என் தலைக்கு மேலே நின்றுகொண்டு தரையை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

“எலி அரிசி டின்னோட திரும்பிடுச்சுங்க. முறுக்கு டின் வரைக்கும் போயிட்டு வந்திருக்கறதுக்கு அஞ்சு விரலு, முன்னங்காலே இல்ல. இது என்ன இனம்னு பாத்துச் சொல்லுங்க.”

பச்சை வால்

முதலாளி அரியலூரில் கிளை திறந்தபோது என்னையும் சாமிக்கண்ணுவையும் அங்கே அழைத்துக்கொண்டார். அங்கே என் விதிமுறையைக் கூடுதலாக்கினேன். சந்தேகம் இருந்தால் கூண்டுப்பொறியில் பிடித்து, உயிரோடு கொண்டுவந்து காட்ட வேண்டும். ஏலாக்குறிச்சியிலிருந்து அந்தோணிசாமி என்று ஒருவர் மரியாதையாகக் கூண்டோடு வந்தார். அவருக்கும் அவர் தம்பிக்கும் அடுத்தடுத்த வீடு, நடுவே ஒரே சுவர். பேச்சு வார்த்தை கிடையாது. “என் தம்பி வூட்லேர்ந்துதான் சார் வருது. புடிச்சு நம்ம பக்கம் வுட்டுர்றான்” என்றார். சுண்டெலிதான். கொள்ளிடக் கரைக்குக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள், மருந்தே தேவையில்லை என்றேன். அவர் தலையாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், பெயிண்ட் பகுதியிலிருந்து ஒரு குச்சியில் பச்சை எனாமல் தொட்டு, கம்பி இடுக்கில் நீட்டிக்கொண்டிருந்த வாலில் ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

அந்த வாரமே தம்பி ஆரோக்கியசாமி வந்தார், வேறு ஒரு கூண்டோடு. உள்ளே பச்சை வாலோடு நம்முடைய ஆள். கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தது. கொள்ளிடத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. அண்ணன் சுவருக்கு மேலே தூக்கிப் போட்டிருக்கிறார். இவர் திருப்பிப் போடுவதற்கு முன்னால் என்னிடம் காட்ட வந்திருக்கிறார். எத்தனை தடவை இப்படிப் போய்வந்ததோ, எலிக்குத்தான் வெளிச்சம். ஆரோக்கியசாமி வாலைச் சுட்டிக்காட்டினார். அவர் குரலில் இருந்த பொறாமை இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரைவிடப் பழையது.

“பாருங்க சார், எங்க அண்ணன் வூட்ல எலிக்குக்கூட பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க. அவ்ளோ வசதி!”

சிவந்த கண்

அரியலூரில் வேறு யாரிடமோ மருந்து வாங்கிப்போன ஒருவரைப் பற்றி அப்போது கேள்விப்பட்டேன். விவரம் வேண்டாம். அதற்குப் பிறகு என் விசாரணை கடுமையாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கீழப்பழுவூரிலிருந்து ஒரு இளைஞன் வந்தான். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. கன்னத்தில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல், “அண்ணே, மருந்து” என்றான். எதைக் கடித்தது என்று கேட்டால், “மூட்டைய” என்று ஒரே வார்த்தை. நான் சாமிக்கண்ணுவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் டீக்கடைக்கு ஓடினார்.

டீக்கடையே எழுந்து வந்துவிட்டது. ஒருவர் அவனை ஸ்டூலில் உட்கார வைத்தார். ஒருவர் டீயை ஊட்டாத குறையாகக் குடிக்கவைத்தார். வாழ்க்கை என்றால் என்ன என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். தன் தோள் துண்டாலேயே அவன் கண்ணைத் துடைத்துவிட்டு, அதே துண்டால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். முதலாளிகூடக் கல்லாவை விட்டு எழுந்து வந்து அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். பையன் நடுவில் எதையோ சொல்ல முயன்றுகொண்டே இருந்தான். யாரும் விடவில்லை. கடைசியில் எழுந்து நின்று கத்தினான். “எனக்கு மெட்ராஸ் ஐ! கிட்ட வராதீங்க, கிட்ட வராதீங்கன்னு அப்பலேர்ந்து சொல்றேன்!” அவன் வீட்டில் எலி இருந்தது, நெல் மூட்டையைக் கடித்தது, எல்லாம் உண்மை. அடுத்த சில நாட்களில் எங்கள் கடைத்தெருவில் கறுப்புக் கண்ணாடி போடாதவர்கள் குறைவு. முதலாளியும் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டார். அதற்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சொன்னார்.

“இன்னொரு தடவை யாரையாச்சும் காப்பாத்தினேன்னா, சாவியக் குடுத்துட்டு ஆணி எடை போடப் போயிரு.”

செந்துறை பஸ்

முதலாளியின் கறுப்புக் கண்ணாடி இன்னும் கழலவில்லை. அப்போதுதான் செந்துறைப் பக்கத்திலிருந்து அந்தப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கலாம். “அண்ணே, கொஞ்சம் மருந்து” என்றாள். எதுக்கும்மா என்றதற்கு, “எல்லாரும் வாங்குறதுக்குத்தான்.” எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அதில் தப்பில்லை. வால் எவ்வளவு நீளம்? “வால் இருக்கும்ணே.” காது? “எலி எப்படி இருக்கும், அப்படித்தான்.” புழுக்கை? “பாக்கல.” எதைக் கடித்தது? கொஞ்சம் யோசித்துவிட்டு, “எல்லாத்தையும்” என்றாள். இத்தனை காலத்தில் நான் ஒன்று கவனித்திருந்தேன். வீட்டில் எலி இருப்பவர்களுக்குக் கோபம் இருக்கும். எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் கடிபட்ட ஒரு புடவை, ஓட்டையான ஒரு மூட்டை, ஏதோ ஒன்று அந்தக் குரலில் கொதிக்கும். இந்தப் பெண்ணிடம் கோபமே இல்லை. யார் மேலும் இல்லை.

கல்லாவைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி என்னைப் பார்க்கிறதா, தெருவைப் பார்க்கிறதா என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் தப்பினால் சாவி போகும். அந்தப் பக்கம் தப்பினால் என்ன போகும் என்று எழுத வேண்டியதில்லை. இல்லை என்று சொன்னால் வேறு கடைக்குப் போய்விடுவாள். ஆகவே, வாழ்க்கையில் முதல்முறையாக, தெரிந்தே ஒரு தப்பான தகவலைச் சொன்னேன். “எலியில பல இனம் இருக்கும்மா. இனம் தெரியாம எந்தக் கடையில மருந்து வாங்கினாலும் வேலை செய்யாது. இந்தக் கூண்ட கொண்டுபோங்க. விழுந்ததும் உயிரோட கொண்டாந்து காட்டுங்க. பாத்துட்டுச் சொல்றேன்.” அவள் அசையவில்லை. “மருந்தே குடுங்கண்ணே.” நான் கூண்டைக் கையில் திணித்துவிட்டு, பஸ் வரும்வரை எலி இனங்களைப் பற்றிப் பேசினேன். அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. அவள் கேட்கவும் இல்லை, போகவும் இல்லை. சாமிக்கண்ணு நான் சொல்லாமலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அவள் ஊருக்கே போகிற ஓர் அம்மாளைத் தேடிப்பிடித்து, விஷயத்தைக் காதில் போட்டு, இருவரையும் ஒரே சீட்டில் உட்கார வைத்துவிட்டு வந்தார். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். “ஏய்யா, அந்தப் பொண்ணு வூட்ல எலி இருக்குமா?” இருக்காதுங்க என்றேன். அவர் ஆணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பின் செந்துறை பஸ் ஒவ்வொன்று வரும்போதும் மூன்று பேரும் தெருவைப் பார்த்தோம். ஒருநாள் உச்சி வெயிலில் வந்தாள். துண்டு போட்டு மூடிய கூண்டைக் கவுண்டரில் டொம்மென்று வைத்தாள். உள்ளே ஒரு சுண்டெலி. அவள் முகத்தில் அப்படி ஒரு கோபம்! எனக்கு உயிர் வந்தது. “ஏண்ணே, இதப் பஸ்ல கொண்டாந்தா என்னா ஆவும்னு ஒங்களுக்குத் தெரியாதா? கண்டக்டரு ஏத்த மாட்டேங்குறாரு. பொம்பளைங்கள்லாம் சீட்டு மேல ஏறி நிக்கிதுங்க.” நான் சொன்னது சரி, வீட்டில் யார் கொண்டுபோகச் சொன்னது என்று கேட்டேன். “எங்க மாமியாதான். ரொம்ப நாளா எனக்கு மொகம் குடுத்துப் பேசாத மனுசி. கூண்டப் பாத்துட்டு என்னான்னுச்சு. எலிக்குன்னேன். ஒடனே கிட்ட வந்து, சத்தமா சொல்லாதடி, காதுல வுழுந்துரும்னு காதோட காதா பேச ஆரம்பிச்சிருச்சு. கருவாடு வைப்பமா, தேங்கா வைப்பமா, எந்த மூலையில வைப்பம்னு அன்னியிலேர்ந்து இதே பேச்சுதாண்ணே. அன்னிக்கு பஸ்ல கூட வந்த பக்கத்துத் தெரு அக்கா வேற தெனம் வந்து உக்காந்துக்கிட்டு அதும் பங்குக்குக் குசுகுசுங்குது. வுழுந்ததும், கடைக்காரரு பாக்கணும்னாருல்ல, போய்க் காட்டிட்டு வான்னு வெரட்டிவுட்டுருச்சு.”

நான் கூண்டைத் தூக்கிப் பிடித்து முறைப்படி ஆராய்ந்தேன். உடம்பளவு வால், பெரிய காது, சந்தேகமில்லை, சுண்டெலி. கண்ணாடி அலமாரியின் பக்கம் நான் திரும்பவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். “மருந்து வேணாம்ணே. கூண்டுதான் இன்னும் கொஞ்ச நாளைக்கு வேணும். இன்னொண்ணு இருக்குன்னு மாமியா சொல்லுது” என்றாள். பிறகு துண்டை எடுத்துக் கூண்டை நன்றாக மூடி, உள்ளே இருப்பதற்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அன்னிக்கு எலிக்குன்னு சும்மா பொய்தாண்ணே சொன்னேன். போய்ப் பாத்தா, வூட்ல நெசமாவே ஒண்ணு இருக்கு!”

வீட்டில் எலி இருக்கிறது என்பவரைச் சட்டென்று நம்பாமலும், இல்லவே இல்லை என்பவரை ஒருபோதும் நம்பாமலும் இருந்தால் போதும், இந்தத் தொழிலில் ஒருவன் பெரிய பாவம் எதுவும் செய்யாமல் காலம் தள்ளிவிடலாம்.